வேலியோரக் கீரைக்கு ஒரு தண்டேலின் நன்றி

அலை வந்து அடி வணங்கும் அழகுத் தீவாம் ரஸ்கெந்தூவின் மன்றத் தலைவர், இந்த மாலைக் கூட்டத்தின் மாண்புமிகு தலைவர், நான் வாய் திறப்பதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட அஃபீஃப் அவர்களே! மருந்தைவிட வார்த்தையில் அதிகக் கசப்பு வைத்து, அந்தக் கசப்பாலேயே என்னைக் கரை சேர்த்த டாக்டர் நஹுலா அம்மையார் அவர்களே! உப்புக் காற்றிலும் சுண்ணாம்பு மணலிலும் ஒன்றும் முளைக்காது என்று ஊரே உதட்டைப் பிதுக்கியபோது, பள்ளிக்கூடத்தின் பின்னால் இருபத்திரண்டு பாத்தி வெட்டி, இன்று அந்தத் தோட்டத்தைத் திறந்துவைக்க எங்களை அழைத்திருக்கும் மாதர் குழுவின் தாய்மார்களே! கயிற்று நாற்காலிகளில் காலை நீட்டிச் சாய்ந்திருக்கும் பெரியோர்களே! என் படகில் தூண்டில் வீசும் தோள்வலி மிக்க தோழர்களே! அவர்கள் நடுவில் ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்திருக்கும் என் மைத்துனன் லிராரே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி பொழியட்டும். அஸ்ஸலாமு அலைக்கும்!

என்னைத் தெரியாதவர்கள் இங்கே இல்லை. இருந்தாலும் சொல்லிக்கொள்கிறேன், சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். நான் தண்டேல் ஸகரிய்யா. இந்தத் தீவின் மிகப் பெரிய சூரைமீன் படகை முப்பத்தோரு ஆண்டுகளாகச் சுக்கான் பிடித்துச் செலுத்துகிறவன். ஒன்பது தென்னை உயரத்துக்கு அலை எழும்பிய அன்றும் ஒரு கையால் சுக்கானையும் மறு கையால் தேநீரையும் பிடித்துக்கொண்டு...

"போன தடவை ஏழு தென்னைன்னீங்க!"

தென்னை வளராதா தம்பி? உட்கார்.

பழத்தின் பெருமை பேச இந்த மேடையில் படித்தவர்கள் இல்லையா? காய்கறியின் கணக்கைச் சொல்ல டாக்டர் அம்மையார் இல்லையா? ஆறாம் வகுப்பின் நடுவே எழுந்து படகேறியவனை ஏன் அழைத்தார்கள்? நான் சொல்கிறேன். இந்தத் தீவிலேயே இலையை அதிகம் பகைத்தவன் நான். பகைத்தவன் வந்து நன்றி சொன்னால்தான் அது நன்றி என்று மாதர் குழு நினைத்திருக்கிறது. சரியாகத்தான் நினைத்திருக்கிறது.

நான் எப்படிச் சாப்பிட்டவன்? காலையில் தேங்காய்ப்பூவோடு பிசைந்த மாசிக் கருவாடும் ரொட்டியும். மதியம் மீன்சாறும் மலை போல் சோறும். மாலையில் மீன் வைத்துப் பொரித்த உருண்டை பன்னிரண்டு. ஒவ்வொரு தேநீரிலும் ஐந்து கரண்டிச் சர்க்கரை. பச்சை நிறத்தில் என் வயிற்றுக்குள் போனது மிளகாய் ஒன்றுதான். பப்பாளி பழுத்தால் வௌவாலுக்கு, முருங்கை துளிர்த்தால் ஆட்டுக்கு, வாழைப்பழம் வந்தால் விருந்தாளிக்கு என்று பங்கு பிரித்து வைத்திருந்த பரந்த மனம் என்னுடையது.

ஏன் அப்படி? நாக்கு மட்டுமா காரணம்? இல்லை. மானம்!

நம் தீவில் மதிய நேரத்தில் ஒரு பெண் முன்வேலியில் நின்று கீரை பறித்தால் என்ன அர்த்தம்? சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள்.

"படகு காலி!"

கேட்டீர்களா? இது எந்தச் சட்டத்திலும் இல்லை, எந்தப் பலகையிலும் எழுதவில்லை. ஆனால் கைக்குழந்தைக்கும் தெரியும். மீன் வந்தால் மீன். மீன் வராத அன்று வேலியில் இருக்கிற இலை. ஆகவே எவன் வீட்டு வேலியில் கீரை பறிக்கப்படுகிறதோ, அவன் படகு வெறுங்கையோடு வருகிறது. அப்படியிருக்க, தண்டேல் வீட்டு வேலியில் இலை பறிக்கலாமா? பறித்தால் தண்டேல் தண்டேலா? திருமணம் முடிந்த மறுநாளே என் மனைவி ஸபூராவிடம் ஆணையிட்டேன்: இந்த வீட்டு முன்வேலியில் ஓர் இலை குறையக் கூடாது! அவளும் சரி என்றாள். முப்பத்தோரு ஆண்டுகள் என் வேலி இந்தத் தீவிலேயே அடர்ந்த வேலியாக இருந்தது. அதை நான் என் புகழ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கேளுங்கள், நான் வீழ்ந்த கதையை.

சூரைமீன் கூட்டத்தை எதை வைத்துக் கண்டுபிடிப்போம்? பறவையை வைத்து. கடலின் எந்த ஓரத்தில் பறவைகள் கூட்டமாய்த் தாழ்ந்து பறக்கின்றனவோ அங்கே மீன். நான்கு தீவு தாண்டிப் பறக்கும் பறவை ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடிய கண் எனக்கு... லிரார், சிரிக்காதே. சொல்லக்கூடிய கண் எனக்கு இருந்தது. நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் மேற்கே வெள்ளை வெள்ளையாய்த் தெரிந்தது. "பறவை! விடு படகை!" என்றேன். ஒரு மணி நேரம் விரட்டினோம். பதினெட்டுப் பேர் தூண்டிலோடு தயாராய் நின்றார்கள். கிட்டே போனால், அல்லாஹ்வே, யாரோ எறிந்த பிளாஸ்டிக் பைகள், கிழிந்து மிதக்கின்றன.

பதினெட்டுப் பேரும் தூண்டிலைக் கீழே வைத்தார்கள். லிரார் மட்டும் பின்னாலிருந்து கேட்டான்: "மச்சான், இதுல எது ஆணு, எது பொண்ணு?"

அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டேன். கண் கலங்கலாகத் தெரிவதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த மாதமே தண்டேல் சான்றிதழைப் புதுப்பிக்கும் தேதி. சுகாதார நிலையத்தில் நம் டாக்டர் அம்மையார் விரலில் குத்தினார், சொட்டு எடுத்தார், இயந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி இயந்திரத்தைப் பார்த்தார்.

"முந்நூத்திப் பதினாலு."

"நல்லதா டாக்டரம்மா?"

"இது பரீட்சை மார்க் இல்ல. உங்க ரத்தத்துல ஓடுற சர்க்கரை. அதான் கண்ணு கலங்குது. இந்தக் கண்ணோட பதினெட்டு உயிரைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போக நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"நான் ஸகரிய்யா!"

"தெரியும். அதனாலதான் மூணு மாசம் தர்றேன். அதுவரைக்கும் உங்க மைத்துனர் சுக்கானைப் பிடிக்கட்டும், நீங்க பக்கத்துல உட்காருங்க. மாத்திரையை விடக் கூடாது. சர்க்கரைத் தேநீரை நிறுத்துங்க. சோத்தைக் கால் தட்டுக்குக் குறைங்க, கால் தட்டு மீன், மிச்ச அரைத் தட்டும் கீரை, காய். தினமும் அளவாப் பழம். தினமும்னா தினமும். மூணு மாசத்துல குறையலைன்னா, அந்தச் சுக்கான் லிராருக்குத்தான்."

அரைத் தட்டு இலை! தாய்மார்களே, சுக்கான் போய்விடும் என்று பயந்தேனே தவிர, அந்த நேரத்திலும் என் மனம் எதை நினைத்தது தெரியுமா? பறித்தால் ஊர் என்ன சொல்லும் என்றுதான் நினைத்தது!

வீட்டுக்கு வந்தேன். விஷயத்தைக் கேட்டதும் ஸபூரா கூடையை எடுத்தாள்.

"எங்க போற?"

"வேலிக்கு."

"நில்லு. பட்டப்பகல்ல பறிச்சா, சுக்கான் கை மாறுனதும் படகே காலியாயிடுச்சுன்னு ஊரு சொல்லும்."

"உங்களுக்குக் கண்ணு வேணுமா, ஊரு வேணுமா?"

"ரெண்டும் வேணும். கொல்லைப்பக்கம் கிணத்தடியில பறி. யாரும் பாக்காம."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அன்று விளங்கவில்லை. கிணற்றடியிலேயே பறித்தாள். பொடியாய் அரிந்து, தேங்காய்ப்பூவும் எலுமிச்சையும் சேர்த்துப் பிசைந்து, பூசணிக்காயை அவித்து, பப்பாளியைத் துண்டாக்கி, மூன்றடுக்குத் தூக்கில் தினமும் படகுக்குக் கொடுத்தனுப்பினாள்.

நான் என்ன செய்தேன்? இந்த மேடையில் பொய் சொல்லக் கூடாது. பெரிதாக்கிச் சொல்லலாம், பொய் சொல்லக் கூடாது. பதினெட்டுப் பேர் பார்க்கத் தண்டேல் இலை தின்பதா? நடுக்கடலில் இலையைத் தின்றால் படகுக்கு ஆகுமா? நான்கு வாரம், இருபத்தெட்டுத் தூக்கையும் கடலில் கவிழ்த்தேன். அந்த மாதம் நாங்கள் பிடித்த சூரைமீன்கள் எல்லாம் தனிப் பளபளப்போடு இருந்தன!

"வெள்ளிக்கிழமை படகே போறதில்ல! இருபத்தெட்டு எப்படி வரும்?"

கணக்கு வாத்தியாரே, வெள்ளிக்கிழமை ஆட்டுக்குப் போட்டேன். போதுமா?

முதல் மாதம் முடிந்து பரிசோதனை. "முந்நூத்தி ஒம்போது" என்றார் டாக்டர்.

"அஞ்சு குறைஞ்சிருக்கே!" என்றேன் நான், நெஞ்சை நிமிர்த்தி.

"அது நீங்க என்னைப் பாக்க பயந்துட்டே நடந்து வந்தீங்கல்ல, அதுல குறைஞ்சிருக்கும்."

அன்று மாலை, உண்மையை உள்ளுக்குள் வைத்திருக்கத் தெரியாத என் மைத்துனன், அக்காவிடம் போய்த் தூக்கின் கதையைச் சொல்லிவிட்டான். சுக்கான் கிடைக்க வேண்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும் அவனுக்கு. ஆனாலும் சொன்னான். லிரார், உனக்கு இந்த ஊரறிய ஒரு நன்றி. எழுந்து நிற்காதே, ஒரு நன்றிதான்.

ஸபூரா சண்டை போடவில்லை. மூன்று நாள் வழக்கம் போலத் தூக்கைக் கொடுத்தனுப்பினாள். நான்காம் நாள் புதன்கிழமை. நாங்கள் கைபேசிக் கோபுரம் எட்டாத தூரத்துக் கடலில் இருக்கிறோம். மீன் கொட்டுகிறது. வீசிய தூண்டில் எல்லாம் வெறுமனே திரும்பாமல், ஏழு டன்...

"நாலு!"

நான்கு டன் என்கிறான் லிரார். அவன் அருகிலிருந்து பார்த்தான், நான் மனதால் பார்த்தேன். அந்த நான்கு டன் மீன் படகை நிறைத்த அதே நட்டநடு மதியத்தில், இங்கே கரையில் நடந்தது என்ன? என் மனைவி, பெருநாளுக்கு எடுத்த சிவப்பு உடையை உடுத்திக்கொண்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய், தெருவைப் பார்த்த முன்வேலியில் போட்டு, அதன் மேல் ஏறி நின்று, முப்பத்தோரு ஆண்டுகள் கை படாத வேலியில் கீரை பறித்தாள். ஒளிந்தா பறித்தாள்? ஓரமாகவா பறித்தாள்? ஒவ்வொரு கொத்தையும் தலைக்கு மேல் தூக்கி, உதறி, பறித்தாள்!

எதிர்வீட்டு ஹஸீனா பார்த்தாள். ஹஸீனா பார்த்தால் யார் பார்த்தது போல? ஊர் முழுவதும் பார்த்தது போல! உடனே கைபேசியில் படம் எடுத்தாள், வைபரில் பெண்கள் குழுவில் போட்டாள். கீழே எழுதினாள்: "தண்டேல் வீட்டுலயே கீரை! எல்லாப் படகும் காலிதான் போல. மீன் வரும்னு உலை வைக்காம உட்காந்திருக்காதீங்கடி!"

அவ்வளவுதான். தண்டேல் வீட்டிலேயே கீரை என்றால் கடலிலேயே மீன் இல்லை என்று அர்த்தம் அல்லவா? தெற்குத் தெருவில் முருங்கை ஒடிந்தது. வடக்குத் தெருவில் கொப்பிக் கீரை காலியானது. பள்ளிவாசல் பின்னால் நின்ற ஈரப்பலா மரத்தில் இரண்டு பேர் ஏறினார்கள். பழுத்த பப்பாளி, பழுக்காத பப்பாளி, பூசணி, வெள்ளரி, வாழைப்பூ எல்லாம் அடுக்களைக்குள் போயின. அரை மணி நேரத்தில் நூற்று நாற்பது வீட்டு வேலியும் மொட்டை!

இது எதுவும் தெரியாமல் நான் கம்பீரமாகக் கரைக்கு வருகிறேன். மீன் வாங்கத் தள்ளுவண்டியோடு வழக்கமாக நிற்கும் கூட்டம் எங்கே? துறைமுகமே காலி. தீவு முழுக்கக் கீரை அவியும் வாசம். ஒரே ஓர் ஆள் வந்து படகுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினான்: "அடப்பாவிங்களா, மீன் இருக்குடா! அப்ப எதுக்குடா எங்க வீட்டு வேலியை மொட்டை அடிச்சாங்க?"

பிறகு என்ன ஆனது? உங்களுக்கே தெரியும். அவித்த கீரையைக் கொட்டவா முடியும்? வந்த மீனை விடவா முடியும்? அன்று இந்தத் தீவில் ஒவ்வொரு தட்டிலும் மீனும் இருந்தது, கீரையும் இருந்தது, காயும் இருந்தது, கடைசியில் பப்பாளியும் இருந்தது. யாராவது செத்தோமா? யாருக்காவது மானம் போயிற்றா? மறுநாள் மதியம் பிள்ளைகள் தட்டைத் தட்டி, "நேத்து வச்சியே அது எங்க?" என்று கேட்டார்கள் என்று எத்தனை தாய்மார்கள் என்னிடம் சொன்னீர்கள்! இந்த இருபத்திரண்டு பாத்தியின் முதல் விதை அந்தப் புதன்கிழமை விழுந்த விதை அல்லவா?

ஆனால் எனக்கு அன்று அது தெரியவில்லை. கோபம் தலைக்கேறி வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என் மானத்தைக் கப்பலேத்திட்டியே! நாலு டன் மீனோட வர்றேன், ஊரே நான் வெறுங்கையோட வர்றேன்னு நெனச்சிருக்கு!"

ஸபூரா தட்டை வைத்தாள். பாதி பச்சை. எதிரில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்க. முப்பத்தோரு வருஷத்துல நீங்க நெசமாவே வெறுங்கையோட வந்த நாளு எத்தனை?"

"இருக்கும். நெறைய இருக்கும்."

"அந்த நாள்ல எல்லாம் உங்க தட்டுல மீன் இருந்துச்சா, இல்லையா?"

யோசித்துப் பார்த்தேன். இருந்தது. என்றைக்கும் இருந்தது.

"அது எந்தக் கடல்ல இருந்து வந்துச்சு?"

ஒன்பது தென்னை உயர அலையிலும் வழி தெரிந்த எனக்கு, அந்தக் கடல் எதுவென்று தெரியவில்லை, பெரியோர்களே.

"நல்ல நாள்ல என் பங்கு மீனை நான் திங்கல. அவிச்சு, புகைபோட்டு, மாசியாக்கி, அரிசிப் பானைக்கு அடியில வச்சிருந்தேன். நீங்க காலியா வர்ற அன்னிக்கு அதைச் சீவி உங்க தட்டுல போடுவேன். தண்டேலு இலை தின்னான்னு நாளைக்கு நீங்களே உங்களைக் குறைச்சு நெனச்சிடக் கூடாதுன்னு. நானும் நம்ம பொண்ணுங்களும் கிணத்தடியில கீரை பறிச்சு, அடுக்களையில உட்காந்து தின்னோம். முன்வேலியில கை வச்சதில்ல. நீங்க சொன்ன பேச்சைத் தட்டுனதில்ல. இன்னிக்குத்தான் தட்டுனேன். ஏன்னா அன்னிக்குப் போறது உங்க மானம். இன்னிக்குப் போறது உங்க கண்ணு."

கிணற்றடியில் ஒளிந்து பறி என்று நான் சொன்னபோது அவள் பார்த்த பார்வை அப்போதுதான் எனக்கு விளங்கியது. முப்பத்தோரு ஆண்டுகளாக அவள் செய்துகொண்டிருந்ததை அவளுக்கே நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்!

சாப்பிட்டேன். தாய்மார்களே, அழுதுகொண்டே சாப்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன், மிளகாய் காரம் என்று சொல்வேன். மறுநாள் படகில், பதினெட்டுப் பேர் நடுவில், தூக்கைத் திறந்து வைத்துச் சாப்பிட்டேன். ஒருவனும் சிரிக்கவில்லை. "தோன்பே, எனக்குக் கொஞ்சம்" என்று அண்ணன் முறை கொண்டாடிக்கொண்டு கை நீட்டினார்கள். அன்று படகும் காலியாய் வரவில்லை. காலையில் பப்பாளி, மதியம் கீரையும் காயும், மாலையில் பொரித்த உருண்டை பன்னிரண்டு இரண்டாகி அதனோடு ஒரு வெள்ளரி. இரண்டு மாதம் ஒரு நாள் விடவில்லை. மாத்திரையும் விடவில்லை, டாக்டரம்மா முறைக்க வேண்டாம். இலையிலும் பழத்திலும் விட்டமின் என்று ஒன்று இருக்கிறதாம், ஏ முதல் இசட் வரை இருபத்தாறும்...

டாக்டர் தலையை ஆட்டுகிறார். சரி, அத்தனை இல்லையாம். இருக்கிறது போதும், எனக்கு நிறைந்தது!

சென்ற வாரம் மூன்றாம் மாதப் பரிசோதனை. ஸபூராவையும் கூட்டிவரச் சொன்னார் டாக்டர், அவளுக்கும் விரலில் குத்தினார். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என் சீட்டைப் பார்த்து, "நூத்தி முப்பத்திரண்டு. கண்ணும் தெளிஞ்சிருக்கு. ஆறு மாசத்துக்குக் கையெழுத்துப் போடுறேன், அப்புறம் மறுபடி வரணும்" என்றார். என் மனைவியின் சீட்டை எடுத்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு கேட்டார்: "ஸபூராத்தா, உங்க வயசு அம்பத்தாறா? இந்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருபத்தஞ்சு வயசுப் பொண்ணுக்கு இருக்குற மாதிரி இருக்கு. நீங்க என்னதான் சாப்பிடுறீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

சபையோரே! எதை நான் அவமானம் என்று தள்ளினேனோ, அதை அவள் தின்றாள். எதை நான் கௌரவம் என்று கேட்டேனோ, அதைத் தன் வாயிலிருந்து எடுத்து எனக்கு வைத்தாள். கௌரவம் தின்றவனுக்குக் கண் போகப் பார்த்தது. அவமானம் தின்றவள் ஆரோக்கியமாய் நிற்கிறாள். அவள் எனக்காக இழந்த மீனை நான் எப்படித் திருப்பித் தருவேன்? அவள் எனக்குத் தெரியாமல் உண்ட இலையை நான் எப்படிப் புகழ்வேன்?

ஒன்றே ஒன்று செய்ய முடியும். இந்த ஊரின் மூத்த தண்டேல் என்ற முறையில், தலைவர் அஃபீஃப் அனுமதித்தால், இன்று சொல்கிறேன். இனிமேல் மதியத்தில் ஒரு வீட்டு வேலியில் கீரை பறிக்கப்பட்டால் அதற்குப் படகு காலி என்று அர்த்தம் இல்லை. அந்த வீட்டில் ஒருவர் மற்றவர் உயிர் மேல் ஆசை வைத்திருக்கிறார் என்று அர்த்தம்! மீன் நிறைந்த நாளிலும் பறியுங்கள். விருந்து நாளிலும் பறியுங்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் முதலில் பழத்தை நீட்டுங்கள், பொரித்ததை அப்புறம் நீட்டுங்கள். ஆண்களே, வேலிக்கு நீங்களே போங்கள். முக்காலி வேண்டுமானால் என் வீட்டில் இருக்கிறது.

"தலைவர் தலையாட்டிட்டாரு!"

தலையாட்டிவிட்டார். ஊர் சாட்சி!

மண்ணில்லாத மணலில் வேர் விட்டு எங்களைக் காத்த முருங்கைக்கு நன்றி. கேட்பாரற்றுப் பழுத்த பப்பாளிக்கு நன்றி. கசப்பாய்ச் சொன்ன டாக்டருக்கு நன்றி. படம் எடுத்துப் போட்ட ஹஸீனாவுக்கு நன்றி. தோட்டம் தந்த தாய்மார்களுக்கு நன்றி. நாளை விடியலில் படகு புறப்படுகிறது, சுக்கானில் நான். என் மனைவிக்கு நன்றி என்று இத்தனை பேர் நடுவில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. எனக்கே வார்த்தை வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஸபூரா, இன்றைக்கு அந்தப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார். மீனின் நடுத்துண்டை என் கையால் முதலில் உன் தட்டில் வைக்கிறேன். வைத்த பிறகுதான் நான் என் கீரையைத் தொடுவேன்.

"மொதல்ல பேச்சை முடிங்க! கீரை ஆறுது!"

ஸபூராவேதான். ஆணை வந்துவிட்டது. பந்தலில் இருபத்திரண்டு பாத்தியின் முதல் அறுவடை காத்திருக்கிறது, கை கழுவிக்கொண்டு வாருங்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகள் நீடூழி வாழட்டும், உங்கள் தட்டுகள் என்றும் பசுமையாய் இருக்கட்டும். நன்றி, வஸ்ஸலாம்!